முலாம் கடைசியில்தான்: அம்பாசிடர் பம்பரைச் சரிசெய்து நேராக மாட்டுவது எப்படி

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1978-இல் வாங்கியது, மார்க் 3. அப்பா ஓட்டி முடித்தபின் பல வருடம் கொட்டகையில் கிடந்தது. என் கைக்கு வந்தபோது முன் பம்பரின் இடது முனை தொங்கியிருந்தது, வலது முனை மட்கார்டை உரசிக்கொண்டிருந்தது. நான் செய்த முதல் காரியம், பம்பரைக் கழற்றி நேராக முலாம் போடும் கடைக்குக் கொண்டுபோனதுதான். மூன்று வாரம் கழித்துக் கண்ணாடி மாதிரி திரும்பி வந்தது. ஆசையாக மாட்டினேன். அதே தொங்கல், அதே உரசல். முன்பாவது சுத்தியலால் ஒரு தட்டு தட்டியிருக்கலாம். இப்போது அதற்கும் வழியில்லை, தட்டினால் புது முலாம் விரிசல் விடும்.

கோவையில் ஒரு வயதான டிங்கர் வந்து குனிந்து பார்த்தார். "பம்பர் நேராத்தான் இருக்குதுங்க தம்பி. அதைப் புடிச்சிருக்கிற பிராக்கெட்டுதான் கோணல். முலாத்துக்குக் குடுக்கறதுக்கு முன்னால ஒருக்கா மாட்டிப் பாத்திருக்கலாம்ல?" என்றார். பாராட்டிவிட்டுத் திட்டும் ஆள் அவர். அன்று பாராட்டு இல்லை.

பழைய காரை முதன்முதலாகக் கையில் எடுத்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தலைகீழாகச் செய்ததை நீங்கள் சரியான வரிசையில் செய்துவிடலாம்: பார்ப்பது, கழற்றுவது, நிமிர்த்துவது, முலாம் இல்லாமலே ஒருமுறை மாட்டிப் பார்ப்பது, அப்புறம் முலாம், கடைசியாகப் பூட்டுவது. என் அனுபவம் அம்பாசிடரில் என்பதால் அதையே சொல்கிறேன். பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும், ஸ்பேனர் அளவைத் தவிர.

முலாம் என்றால் என்ன

நாம் குரோம் என்று சொல்கிற பளபளப்பில் குரோமியத்தின் பங்கு மிகக் குறைவு. இரும்புத் தகட்டின் மேல் நல்ல வேலையில் முதலில் தாமிரம், அதன் மேல் நிக்கல், கடைசியாகக் குரோமியம் ஏற்றுவார்கள். அந்தக் கடைசிப் படலத்தின் கனம் கால் மைக்ரானிலிருந்து அரை மைக்ரான் வரைதான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அடியிலுள்ள நிக்கல் அதைவிடப் பல பத்து மடங்கு கனம். கண்ணாடி போன்ற பளபளப்பைத் தருவது நிக்கல்தான். ஆனால் நிக்கல் மட்டும் இருந்தால் நாளடைவில் மஞ்சள் பாய்ந்து மங்கிவிடும். குரோமியம் மேலே மூடியாக உட்கார்ந்து அதைத் தடுக்கிறது, அந்த லேசான நீலச் சாயலும் அதனுடையது.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் இருக்கிறது. குரோமியப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் விரிசல்களும் எப்போதும் உண்டு. நிக்கலும் எங்காவது ஓட்டையானால் ஈரம் இரும்புக்குப் போய்விடும். பம்பரில் தெரிகிற பழுப்புப் புள்ளி மேலிருந்து ஒட்டிய அழுக்கு இல்லை, அடியிலிருந்து கசிந்து வந்த துரு. தேய்த்தால் புள்ளி போகும், ஓட்டை போகாது. அதனால் தேய்த்த கையோடு மெழுகு பூசி ஓட்டையை அடைக்க வேண்டும்.

புது முலாம் வேண்டுமா, துடைத்தால் போதுமா

எல்லாப் பம்பருக்கும் புது முலாம் தேவையில்லை. முதலில் ஷாம்பூ தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, பழுப்புப் புள்ளிகள்மீது மெதுவாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மிக மென்மையானது, கீறாது. கறுப்பாக ஒரு சேறு வரும், அதைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். புள்ளி மறைந்து பளபளப்புத் தெரிந்தால் உங்கள் பம்பர் பிழைத்தது. மெழுகு போட்டுவிட்டு நேராக மாட்டும் பகுதிக்குப் போய்விடலாம்.

தேய்த்த இடத்தில் ஊசி குத்தினாற்போலக் கறுப்புக் குழிகள் நின்றாலோ, நகத்தால் நெருடும்போது செதில் தூக்கினாலோ, முலாம் முடிந்துவிட்டது. செதில் தூக்கிய இடத்தை வெறும் கையால் தடவாதீர்கள். நிக்கல் செதில் பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும்.

பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிற பழக்கத்தில் இதற்கும் போடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். புளி லேசான அமிலம்தான், பெரிய கெடுதி செய்யாது. ஆனால் குழிக்குள் தங்கினால் துருவுக்குத் துணைபோகும், அதற்கு அலுமினியத் தாளே மேல். கழிப்பறை கழுவும் ஆசிட்டை மட்டும் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அதிலிருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமியத்தைக் கரைத்துவிடும். ஐந்து நிமிடம் நன்றாகப் பளபளக்கும், அப்புறம் மஞ்சளாக நிக்கல் பல்லிளிக்கும்.

ஒரு காந்தத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பம்பரும் அதன்மேல் கொம்பு மாதிரி நிற்கிற ஓவர்ரைடர்களும் இரும்பு, காந்தம் ஒட்டும். அதே காரிலுள்ள கைப்பிடி, சின்னம் போன்ற சில சாமான்கள் துத்தநாக வார்ப்பாக இருக்கும், ஒட்டாது. அவை 400 டிகிரிக்கும் கீழேயே உருகிவிடும். இரும்புக்குச் செய்வதையெல்லாம் அவற்றுக்குச் செய்யக் கூடாது, முலாம் போடும் முறையும் வேறு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

கழற்றும் முன் அளந்து வையுங்கள்

புதியவர்கள் எல்லோரும் தாண்டிப்போகிற இடம் இது. நானும் தாண்டித்தான் போனேன்.

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்றைச் சரிபாருங்கள். அம்பாசிடருக்கு முன்னால் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு பாரம் தாங்கும் கம்பி), பின்னால் ஸ்பிரிங் பட்டை. ஏதாவது ஒன்று தளர்ந்திருந்தால் வண்டியே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், பம்பர் கோணலாகத் தெரியும். அதனால் தரையிலிருந்து அளக்காதீர்கள், பாடியிலிருந்து அளங்கள். ஹெட்லைட் வளையத்தின் அடிவிளிம்பிலிருந்து பம்பரின் மேல்விளிம்பு வரை இரண்டு பக்கமும், பம்பர் முனைக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் டேப் வைத்துப் பார்த்துக் காகிதத்தில் எழுதுங்கள். நேர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு படம், இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஞாபகம் கைவிடும், படம் கைவிடாது.

இனி போல்ட்டுகள். இத்தனை வருட மண்ணும் துருவும் சேர்ந்து அவை பாடியோடு ஒன்றாகிவிட்டிருக்கும். கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாள் இரவே விட்டுவிடுங்கள், காலையில் இன்னொரு தடவை. பழைய அம்பாசிடர் பிரிட்டிஷ் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்தது, போல்ட்டுகள் அங்குல அளவு. பத்மினி ஃபியட் வழி, மில்லிமீட்டர். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பேனர் உட்காரும், ஆனால் 0.3 மி.மீ. ஆட்டம் இருக்கும். துருப்பிடித்த போல்ட்டில் அந்த ஆட்டம் போதும், தலை உருண்டுவிடும். ஒரு செட் அங்குல ஸ்பேனர் வாங்குங்கள், பழைய இரும்புக் கடையில்கூட நல்லது கிடைக்கும்.

பம்பரின் முகத்தில் தெரிகிற போல்ட்டுகளுக்குக் குமிழ்த் தலையும், தலைக்கடியில் சதுரக் கழுத்தும் இருக்கும். அந்தச் சதுரம் பம்பரிலுள்ள சதுர ஓட்டையில் உட்கார்ந்து சுற்றாமல் பிடிக்க வேண்டும். துருவில் ஓட்டை பெரிதாகிவிட்டால் நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றும். அப்போது மல்லுக்கட்ட வேண்டாம், பின்பக்கத்திலிருந்து நட்டை ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். பழைய போல்ட்டு எப்படியும் திரும்ப வேலைக்கு ஆகாது. கிரைண்டர் போட்டால் தீப்பொறி கண்ணாடியிலும் பெயின்ட்டிலும் படாமல் ஈரச் சாக்கைப் போர்த்துங்கள்.

கடைசிப் போல்ட்டைக் கழற்றும்போது இன்னொருவர் பம்பரைப் பிடித்திருக்க வேண்டும். இது இன்றைய காரின் பிளாஸ்டிக் பம்பர் இல்லை, கால்விரலில் விழுந்தால் தெரியும். பிராக்கெட்டுக்கும் பாடிக்கும் நடுவில் வாஷரோ தகட்டுத் துண்டோ இருந்தால் எந்தப் பக்கம், எத்தனை என்று எழுதித் தனித்தனிப் பையில் போடுங்கள். யாரோ ஒரு மெக்கானிக் எப்போதோ ஒரு கோணலைச் சரிக்கட்ட வைத்தவை அவை. உங்கள் வண்டியின் கதை அந்த வாஷரில்தான் இருக்கிறது.

கோணல் யாருடையது

பம்பரைக் கழற்றியாகிவிட்டது, பிராக்கெட்டுகள் இன்னும் வண்டியிலேயே இருக்கின்றன. இப்போது நேரான மர ரீப்பர் ஒன்றை எடுத்து, பம்பர் உட்காரும் இடத்தில் இரண்டு பிராக்கெட்டுக்கும் குறுக்கே வைத்துக் கயிற்றால் கட்டுங்கள். ஐந்தாறு அடி தள்ளி நின்று, ரீப்பரையும் பானெட்டின் முன்விளிம்பையும் சேர்த்துப் பாருங்கள். ரீப்பர் சாய்ந்திருந்தால் குற்றம் பிராக்கெட்டிலோ பாடியிலோ. நேராக இருந்தால் குற்றம் பம்பரில். ஐம்பது ரூபாய் மரத்துண்டு, பத்து நிமிட வேலை. இதைச் செய்யாததற்கு நான் ஒரு முலாம் கூலி கொடுத்தேன்.

ரீப்பர் சாய்ந்திருந்தால் பிராக்கெட்டுகளைக் கழற்றுங்கள். ஒன்றை அட்டையில் வைத்து வெளிவரி வரைந்து வெட்டி, அட்டையைத் திருப்பி மற்றதன்மேல் வையுங்கள். வேறுபட்டால் எது வளைந்தது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் இதற்குக் காரணம் விபத்து இல்லை. நின்றுபோன வண்டியைப் பம்பரில் கயிறு கட்டி இழுத்திருப்பார்கள், அல்லது பம்பருக்கடியில் ஜாக்கி வைத்துத் தூக்கியிருப்பார்கள்.

வளைந்த பிராக்கெட்டை வைஸில் பிடித்து, நீளமான குழாய் ஒன்றைச் செருகிக் குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்துங்கள். காஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சினால் இரும்பின் விறைப்பு போய்விடும், அடுத்த மேடுபள்ளத்தில் மறுபடி தொங்கும். நிமிர்த்திய பிறகு ஓட்டைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு ஒரு பழைய வழி: மண்ணெண்ணெய் தடவிச் சில நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தடவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெள்ளைப் பொடியில் ஒரு கோடாகக் கசிந்து தெரியும்.

இரண்டு பிராக்கெட்டும் ஒரே மாதிரி இருந்தும் ரீப்பர் சாய்ந்தால், பிராக்கெட் பூட்டுகிற பாடிச் சட்டத்தின் முனை வளைந்திருக்கிறது. அம்பாசிடருக்கு லாரி மாதிரித் தனி சேஸிஸ் கிடையாது, பாடியும் சட்டமும் ஒன்று. அதைக் கொட்டகையில் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். வாஷர் திணித்து மறைக்கவும் பார்க்காதீர்கள். இழுத்து நிமிர்த்தும் வசதியுள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பம்பர் வேலை அதுவரை காத்திருக்கட்டும்.

பம்பரை நிமிர்த்துவது

பம்பரைப் பழைய போர்வைமேல் குப்புறப் போடுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலை இறுக்கிக் கட்டி, நடுப்புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் சம தூரங்களில் நூலுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். இரண்டு பக்க எண்களும் ஒத்துப்போக வேண்டும். நல்லாயிருக்கும் பாதியின் வளைவை அட்டையில் வெட்டிக்கொண்டால், திருப்பி வைத்து மோசமான பாதியைச் சோதித்துக்கொண்டே வேலை செய்யலாம்.

மொத்தமாக வளைந்திருந்தால் இரண்டு மரக்கட்டைகள்மேல் தாங்கவைத்து, உடல் பாரத்தாலோ ஜாக்கியாலோ மெல்ல அழுத்துங்கள். 10 மி.மீ. வளைவை நிமிர்த்த 10 மி.மீ. அழுத்தினால் போதாது. விட்டவுடன் இரும்பு கொஞ்சம் திரும்பி வரும், அதையும் கணக்கில் வைத்துச் சற்றுக் கூடுதலாக அழுத்த வேண்டும். கூடுதல் எவ்வளவு என்பது கைக்குத்தான் தெரியும். முதல் முறை குறைவாகவே அழுத்திப் பழகுங்கள்.

முலாம் நன்றாக இருக்கிறது, வளைவு மட்டும்தான் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நடுவில் மரமோ கெட்டித் துணியோ கொடுத்து அழுத்தினால் முலாம் பெரும்பாலும் தாங்கும். சுத்தியல் வேண்டிய நொடுங்கல் என்றால் முலாம் தாங்காது. அப்போது முதலில் முலாம் போடும் கடையில் கொடுத்துப் பழைய முலாத்தை முழுக்க உரித்து வாங்கி, பிறகு டிங்கரிங் செய்து, மறுபடி அதே கடைக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு நடை. சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், முதலிலேயே பேசிவிடுங்கள். உரித்து வந்த இரும்பு ஒரே இரவில் துருப்பிடிக்கும், வாங்கிய உடனே எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.

பழைய முலாத்தைக் கிரைண்டர் போட்டு நீங்களே எடுக்கலாமா? வேண்டாம். தூசி மூக்குக்கும் நுரையீரலுக்கும் நல்லதில்லை. முலாத்தின்மேலேயே வெல்டிங் வைப்பது அதைவிட மோசம், அந்தப் புகையில் உருவாகும் குரோமியச் சேர்மம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. வீட்டில் முலாம் போட்டுப் பார்க்கும் ஆசையையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள். குரோமியக் கழிவு மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு ராணிப்பேட்டையே போதும். அங்கே மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரைக் கெடுத்தது ஊரறிந்த விஷயம்.

நொடுங்கலை எடுக்கும்போது ஒரு விதி: அடிபட்ட வரிசைக்கு எதிர் வரிசையில் எடுக்க வேண்டும். முதலில் பட்ட இடம்தான் ஆழமாக இருக்கும். அதைச் சுற்றி எழும்பிய மடிப்புகள் பிறகு வந்தவை. ஆழத்தை நேராகப் பின்னாலிருந்து ஓங்கி அடித்தால் தகடு நீண்டுபோகும், அப்புறம் அது உள்ளேயும் போகாது வெளியேயும் வராது. வெளியோரத்து மடிப்பிலிருந்து தொடங்கி, முன்பக்கம் டாலி என்கிற கையடக்க இரும்புக் கட்டையைப் பிடித்து, பின்பக்கம் கொட்டாப்புளியால் சிறுசிறு தட்டாகத் தட்டி உள்ளே வாருங்கள். இரும்புச் சுத்தியலைக் கடைசியில் எடுத்தால் போதும்.

தட்டி முடித்ததும் மார்க்கர் மையை அந்த இடம் முழுக்கப் பூசி, தட்டை அரத்தால் லேசாக ஓட்டுங்கள். மை அழிந்த இடம் மேடு, நிற்கும் இடம் பள்ளம். பள்ளத்தைப் பின்னாலிருந்து தூக்கி மறுபடி மை, மறுபடி அரம். அலுப்பான வேலை. ஆனால் இங்கே குறுக்கு வழி கிடையாது, ஏனென்றால் பட்டி போட முடியாது. பெயின்ட் அடிக்கும் பாகமாக இருந்தால் எந்த டிங்கரும் மிச்சப் பள்ளத்தைப் பட்டியால் அடைத்துவிடுவார். முலாம் மின்சாரத்தால் ஏறுவது, மின்சாரம் பாயாத பட்டிமேல் ஏறாது. முலாம் எதையும் மறைப்பதும் இல்லை. பெயின்ட்டில் தெரியாத அலையைக் குரோம் ஊருக்கே காட்டும்.

துருவில் ஓட்டை விழுந்த இடத்துக்கும், பழைய மூடுபனி விளக்கு, பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புச் சட்டமான கிராஷ் கார்டு என்று யார் யாரோ துளைத்த ஓட்டைகளுக்கும் அதே கனத் தகட்டில் துண்டு வெட்டி வெல்டிங் வைத்து, அரம் போட்டுச் சமமாக்குங்கள். அரசு அலுவலகத்திலிருந்து ஏலத்தில் வந்த அம்பாசிடர்களில் இந்த ஓட்டைகள் தாராளமாக இருக்கும். கார்டைத் திரும்ப மாட்டலாமே என்று யோசிக்க வேண்டாம், அப்படிப்பட்ட கார்டுகள் கூடாது என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சின்னக் குழிகளைக் கடைக்காரர் தாமிரத்தைக் கனமாக ஏற்றி, பஃபிங் போட்டு (சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேற்றி), மறுபடி ஏற்றி நிரப்பிவிடுவார். அரம் முடிந்ததும் 80, 120, 180, 320 என்று உப்புத்தாளால் வரிசையாகத் தேயுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய தாளின் கீறல் போய்விட்டதா என்று தெரியும்.

இவ்வளவு பாடு எதற்கு, சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ புதுசு கிடைக்காதா என்று கேட்பீர்கள். தேடினால் கிடைக்கும். நான் பார்த்த புதிய நகல்கள் தகடு மெலிந்தவை, ஓட்டைகள் ஒத்துப்போகாதவை. பழைய இரும்பு கையிலிருக்கும்வரை அதையே காப்பாற்றுவது என் கட்சி. புதுப்பேட்டையில் கழற்றிய பழைய பம்பர் கிடைத்தால் மட்டும் காந்தமும் நூலும் கொண்டுபோய்ப் பார்த்து வாங்குங்கள்.

வெறும் இரும்பாக மாட்டிப் பார்ப்பது

இந்தக் கட்டுரையே இந்தப் பகுதிக்காகத்தான். ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். மட்கார்டு முனைகளில் கனமான டேப் ஒட்டிவிட்டு, பிராக்கெட்டுகளைப் பாடியில் பூட்டுங்கள், எல்லா நட்டையும் கையால் மட்டும். பம்பரையும் அதேபோலக் கையிறுக்கத்தில் மாட்டுங்கள். இப்போது எல்லாம் கொஞ்சம் ஆடும், ஆட வேண்டும்.

முதலில் இடம் வலம். கிரில்லின் நடுவைக் கண்டுபிடித்து டேப்பில் கோடு போடுங்கள், பம்பரின் நடுவிலும் ஒரு கோடு. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு இரண்டையும் சேருங்கள். அடுத்தது உயரம். ஒரே அளவில் வெட்டிய இரண்டு மரத்துண்டுகளை ஹெட்லைட் வளையத்துக்குக் கீழே இரு பக்கமும் வைத்தால் டேப்பைவிட வேகமாகத் தெரியும். மூன்றாவது முன்பின் இடைவெளி. பம்பர் முனைக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு பக்கமும் சுண்டுவிரல் தாராளமாகப் போகட்டும். வண்டி குலுங்கும்போது பம்பரும் அதிரும், நெருக்கமாக வைத்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும். கடைசியாகச் சாய்வு: பம்பரின் முகம் வானத்தைப் பார்க்கிறதா, தரையைப் பார்க்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

உயரமும் சாய்வும் சரிவராவிட்டால்தான் வாஷருக்கு வேலை. அதன் பலத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். பிராக்கெட்டைப் பாடியில் பிடிக்கிற இரண்டு போல்ட்டுக்கும் இடையே 60 மி.மீ., பிராக்கெட்டின் நீளம் 300 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு போல்ட்டில் மட்டும் 1 மி.மீ. வாஷர் கொடுத்தால் முன்முனை 5 மி.மீ. நகரும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரே ஒரு வாஷர், மெல்லியது. போட்டு, இறுக்கி, அளந்து, எழுதிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். ஓட்டை ஒன்றிரண்டு மி.மீ. ஒத்துவராவிட்டால் பிராக்கெட்டிலுள்ள ஓட்டையை உருட்டு அரத்தால் நீளமாக்குங்கள். பம்பரில் கை வைக்காதீர்கள்.

எல்லாம் ஒத்துவந்ததும் இறுக்குங்கள்: முதலில் பிராக்கெட்டும் பாடியும், அப்புறம் பம்பரும் பிராக்கெட்டும், நடுவிலிருந்து வெளியே. இறுக்கும்போதே அளவு கொஞ்சம் ஓடும், அது இயல்பு. தளர்த்தி, ஓடுகிற அளவுக்கு முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வைத்து மறுபடி இறுக்குங்கள்.

இப்போது பத்தடி தள்ளிப்போய்க் குத்தவைத்துப் பாருங்கள். டேப் சரி என்று சொல்லியும் கண் இல்லை என்று சொல்லலாம். பழைய அம்பாசிடரில் இடமும் வலமும் மி.மீ. சுத்தமாக ஒத்திருக்கும் என்று எதிர்பார்க்கவே கூடாது. என் வண்டியில் இரண்டு ஹெட்லைட்டுக்கும் உயரத்தில் 4 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது. அந்த இடத்தில் நான் டேப்பை மடித்துப் பையில் போட்டுவிட்டு, கண்ணுக்கும் பானெட் விளிம்புக்கும் சமமாக வைத்தேன். தெருவில் போகிறவர் டேப் கொண்டுவர மாட்டார்.

ஓவர்ரைடர்களையும் மாட்டிப் பார்த்துவிட்டு, வாஷர் எண்ணிக்கையை எழுதி, படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

கடையில் கொடுக்கும்போது

பெயின்ட்டால் எழுதிய அடையாளம் அமிலத் தொட்டியில் அழிந்துவிடும். பின்பக்க மடிப்பில் சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனை உளியால் இரண்டு மூன்று புள்ளி குத்தி வையுங்கள், உங்களுக்கு மட்டும் தெரிந்த கணக்கில். எனக்கு ஒருமுறை ஓவர்ரைடர் ஒன்று வேறு யாருடையதோ வந்தது. நான்கு மி.மீ. குட்டை. என்னுடையதுதான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார், என்னிடம் அடையாளம் இல்லை. இன்றும் அந்தக் குட்டை ஓவர்ரைடர்தான் என் வண்டியில் நிற்கிறது.

தாமிரம், நிக்கல், குரோமியம் மூன்றும் உண்டா என்று கேளுங்கள். தாமிரம் போட்டு பஃபிங் முடிந்ததும் கூப்பிடச் சொல்லிப் போய்ப் பாருங்கள். குழியோ அலையோ தெரிந்தால் திருத்த அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். பஃபிங் சக்கரம் ஓட்டைகளின் ஓரத்தையும் கூரான விளிம்புகளையும் மழுக்கிவிடும், அங்கே கை லேசாக இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். விலையைப் பேரம் பேசலாம், நாளைப் பேரம் பேசாதீர்கள். அவசரப்படுத்தினால் குறைவது நிக்கலின் கனம்தான்.

பம்பரின் உள்குழிவுக்குள் மின்சாரம் சரியாக எட்டாது, அங்கே முலாம் மெலிசாகத்தான் இருக்கும். துரு தொடங்குவதும் அங்கேதான். வந்ததும் உள்பக்கத்துக்கு ஜிங்க் பிரைமரும் அதன்மேல் சில்வர் பெயின்ட்டும் அடித்துவிடுங்கள்.

பூட்டுவது

இனி சுலபம், நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை செய்த வேலை. எழுதி வைத்த வாஷர்களை அதே இடத்தில் போடுங்கள். போல்ட்டுகள் புதுசு, மரையில் கொஞ்சம் கிரீஸ். பிராக்கெட்டும் பம்பரும் தொடும் இடத்திலும் ஓவர்ரைடருக்கு அடியிலும் ரப்பர் வேண்டும், இரும்பும் இரும்பும் உரசினால் முலாம் அங்கிருந்துதான் கிளம்பும். சரியான பீடிங் (ரப்பர் பட்டை) கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி வையுங்கள், என் வண்டியில் அதுதான். ஸ்பேனர் வழுக்கினால் கீறாதபடி போல்ட்டைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். 100 கி.மீ. ஓடியபின் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், ரப்பர் அமுங்கியிருக்கும்.

மாதம் ஒருமுறை கழுவி மெழுகு போதும். கடலோரத்து ஊர்க்காரர்கள் உப்புக்காற்றுக்காக வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் காட்டுங்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே புழுங்கும், அதற்குத் திறந்து கிடப்பதே மேல்.

இன்னொன்று. இத்தனையும் முடித்து வண்டியை வெளியே எடுத்த முதல் வாரத்திலேயே நம்பர் பிளேட் மாட்ட ஒருவரிடம் கொடுப்பீர்கள். அவர் பேசிக்கொண்டே டிரில்லை எடுத்துப் பம்பரின் நடுவில் வைப்பார். பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய ஓட்டையில் பிடிக்கிற மாதிரி ஒரு தகட்டுப் பட்டையை முன்கூட்டியே வெட்டி, வளைத்து, கையோடு கொண்டுபோங்கள்.